மொழிமரம் மக்கள் நடந்த தடமாகுமா? பாண்டு மொழிகளும் காங்கோ மழைக்காட்டின் வரலாறும்

அகழ்மண்:

ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 500 பாண்டு மொழிகள் வழங்குகின்றன. அவற்றைப் பேசுவோர் 35 கோடி அளவில் இருப்பர். கேமரூனின் துவாலா முதல் தென்னாப்பிரிக்காவின் சூலு வரை பரந்து கிடக்கும் இம்மொழிகளின் உறவை மொழியியலாளர் வில்கெல்ம் பிளீக் 1862-இல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் இவ்வளவு நெருங்கிய மொழிகள் எவ்வாறு பரவின என்ற கேள்வி அன்றிலிருந்து ஆய்வாளர்களை விடவில்லை. மத்திய ஆப்பிரிக்க மேற்குக் கடற்கரையைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் போர்ச்சுகீசியர் வந்த 1480-களுக்குப் பிறகே கிடைக்கத் தொடங்குகின்றன. ஆகவே அதற்கு முந்தைய காலத்திற்கு மொழியே நெடுங்காலம் முதன்மைச் சான்றாக இருந்துவந்தது. அந்தச் சான்றின் எல்லை எது என்பதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தாயகம் எது என்ற பழைய விவாதத்தை நண்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். பாண்டு மொழிகள் அனைத்திலும் பொதுவாக உள்ள சொற்களை மொழியியலாளர் மால்கம் கத்ரி பல்லாண்டுக் காலம் தொகுத்தார். மழைக்காட்டுக்குத் தெற்கே, லூபா, பெம்பா மொழிகள் வழங்கும் பகுதியில் அச்சொற்கள் மிகுதியாக எஞ்சியிருப்பதைக் கண்டு, பரவலின் மையம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்றார். ஜோசப் கிரீன்பெர்க் வேறு வழியில் சென்றார். பாண்டு மொழிகளுக்கு மிக நெருங்கிய உறவுமொழிகள் நைஜீரிய-கேமரூன் எல்லைப் பகுதியில் குவிந்துள்ளன. பாண்டு மொழிகளுக்குள்ளேயும் ஆழமான வேறுபாடுகள் வடமேற்கில்தான் காணப்படுகின்றன. ஆகவே தொடக்கம் அங்கேதான் என்பது அவர் முடிவு. இருவரையும் இணைக்க ரோலண்ட் ஆலிவர் 1966-இல் ஒரு முயற்சி செய்தார். இறுதியில் கிரீன்பெர்க்கின் கருத்தே நிலைத்தது, இன்று அதில் பெரிய ஐயம் இல்லை.

தாயகம் தெரிந்த பிறகு, பயணப் பாதையையும் காலத்தையும் மொழிகளைக் கொண்டே வரைந்துவிடலாம் என்று நம்புவதில்தான் எனக்குத் தயக்கம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 400-க்கும் மேற்பட்ட மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கொண்டு கிளைமரம் அமைத்தது; காலநிலை மாற்றத்தால் காட்டிடையே திறந்த புல்வெளித் தடங்களைப் பின்பற்றியே மக்கள் தெற்கே சென்றனர், காட்டுக்குள் அவர்களின் நகர்வு தாமதப்பட்டது என்றது. 2022-இல் வந்த மற்றோர் ஆய்வு, 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் காட்டின் வழியாகவே ஊடுருவிச் சென்றனர் என்றது. இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். ஆனால் இன்று வாழும் மொழிகளே இரண்டுக்கும் அடிப்படைத் தரவு.

இவற்றுக்கு இடையில், 2021-இல், காங்கோ மழைக்காட்டின் 726 தொல்லிடங்களிலிருந்து பெற்ற 1,149 கதிர்க்கரிமக் (ரேடியோ கார்பன்) காலக் கணிப்புகளையும் பானை வகைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. கி.மு. 800 அளவில் தொடங்கிய செறிவான குடியிருப்பு கி.பி. 400-க்குப் பிறகு பெரும் வீழ்ச்சி கண்டது, கி.பி. 600 முதல் 1000 வரை காட்டின் பெரும்பகுதியில் மனித நடமாட்டத்தின் தடயங்கள் அருகிவிட்டன. அதன் பின்னரே இரண்டாம் குடியேற்றம் நிகழ்ந்தது என்பது அதன் முடிவு. இது சரியென்றால், இன்று காட்டில் பேசப்படும் மொழிகளில் பல அந்த இரண்டாம் அலையில் வந்தவையாக இருக்கக்கூடும். முதல் அலையினர் பேசிய மொழிகளில் எத்தனை சுவடின்றி மறைந்தனவோ, அவற்றைக் கிளைமரம் அறியாது. வேர் பழையதாக இருக்கலாம். ஆனால் கிளைகள் இன்று நிற்கும் இடம் 3,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் நடந்த தடத்தைக் காட்டும் என்பதற்கு என்ன உறுதி?

சொல்வேர்:

நண்பர் அகழ்மண் அவர்கள் எழுப்பியிருக்கும் ஐயம் நேர்மையானது. ஆனால் அது மொழிச்சான்றின் ஒரு வகையை மட்டுமே தொடுகிறது என்பதைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

ஏறத்தாழ நூறு அடிப்படைச் சொற்களை எடுத்து, எத்தனை ஒத்திருக்கின்றன என்று கணக்கிட்டு மரம் வரைவது ஒரு முறை. பெல்ஜியத்தின் டெர்வூரனில் உள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகம் 1999-இல் வெளியிட்ட சொற்புள்ளியியல் ஆய்வு 542 மொழிகளை அவ்வாறுதான் ஒப்பிட்டது. பின்னர் வந்த கணினி வழி ஆய்வுகள் அதே வகைத் தரவை நுட்பமான புள்ளியியலால் கையாள்கின்றன. இவை உறவின் அளவைக் காட்டும். ஆண்டும் ஊரும் சொல்ல வேண்டுமானால் வெளியிலிருந்து ஊகங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் தங்கள் ஐயத்தோடு உடன்படுகிறேன்.

ஒலிமாற்ற விதிகளின் அடிப்படையில் சொற்களை மீட்டுருவாக்குவது வேறொரு முறை. கார்ல் மைன்ஹோஃப் 1899-இல் அடித்தளமிட்ட இம்முறையைப் பின்னர் மியூசென் செம்மைப்படுத்தினார். வெள்ளாட்டுக்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாகிலியில் ம்புசி, ஷோனாவில் ம்புட்ஸி, பெம்பாவில் இம்புஷி, சூலுவில் இம்புசி. இவற்றின் இடையெழுத்து வேறுபாடு தற்செயலானதன்று. அதே வேறுபாடு வேறு பல சொற்களிலும் ஒழுங்காகத் திரும்ப வருகிறது. ஒழுங்கு தவறாமல் வரும் சொல்லை, பாண்டு மொழிகள் அனைத்துக்கும் தாயான மூலமொழிக்கு ஏற்றிச்சொல்லலாம். ஒழுங்கை மீறி வரும் சொல்லைக் கடன்சொல் என்று ஐயுறலாம். மண்ணைப் பிசைந்து உருவாக்குதல் என்னும் பொருளுடைய பும்ப என்ற வினை பெம்பாவிலும் சூலுவிலும் அப்படியே இருக்கிறது. சுவாகிலியில் அது உம்ப என்றாகி, படைத்தல் என்ற விரிந்த பொருளைப் பெற்றிருக்கிறது. பானை வனைவோரின் சொற்களை கூன் போஸ்தூன் விரிவாக ஆய்ந்து, இந்த வினையின் பழமையை நிறுவியிருக்கிறார். மறுபுறம், இரும்பு உருக்கும் தொழிலுக்கான சொற்றொகுதியை மூலமொழி வரை கொண்டுசெல்ல முடியவில்லை. இரும்பாயுதம் தாங்கிய படையினர் காட்டை வென்றதாக ஒரு காலத்தில் எழுதப்பட்ட கதையை மறுத்ததில் இந்தச் சொல்லாய்வுக்கும் பங்குண்டு. கேமரூனில் யவுண்டே அருகே ஒபோபோகோவில் கிடைத்த பானைகளும் கற்கருவிகளும் அதையே உறுதிப்படுத்தின.

மொழி மறைந்தாலும் அதன் சொற்கள் அடுத்து வந்தவர் மொழியில் தங்கக்கூடும் என்பதையும் கருத வேண்டும். காட்டில் முன்பிருந்தோர் முற்றிலும் அழியவில்லை என்றால், பின்வந்தோர் மொழியில் மரம், மீன், பொறி, தேன் தொடர்பான சொற்களில் ஒலிவிதிக்கு அடங்காத ஓர் அடுக்கு இருக்க வேண்டும். அதைத் தேடுவது மொழியியலாளர் வேலை. உள்காங்கோப் படுகையின் மொழிகள் பலவற்றுக்கு நல்ல அகராதி இல்லாததால்தான் அந்த வேலை இன்னும் நிறைவேறவில்லை.

வினவி:

இருவருக்கும் நன்றி. எனக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, இத்தனை பெரிய மக்கள்தொகை வீழ்ச்சிக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? இரண்டாவது, மரபணு ஆய்வுகள் இவ்விவாதத்தை முடித்துவைக்கவில்லையா?

அகழ்மண்:

காரணத்தைப் பொறுத்தவரை, நெடுங்காலம் நீடித்த கொள்ளைநோய் ஒன்று சாத்தியமாக முன்வைக்கப்படுகிறது. மத்திய ஆப்பிரிக்க மண்ணிலிருந்து அதற்கான நேரடிச் சான்று எடுக்கப்படவில்லை. ஆகவே அதை ஒரு கருதுகோளாக மட்டுமே கொள்ளவேண்டும். அந்த ஈரமண்ணில் எலும்பு எளிதில் மக்கிவிடுவதால் இதைச் சோதிப்பதும் கடினம்.

மரபணு ஆய்வுகள் சிலவற்றைத் தெளிவாக்கியிருக்கின்றன. 14 நாடுகளைச் சேர்ந்த 1,763 பேரின் மரபணுத் தரவைக் கொண்டு 2023 இறுதியில் வெளியான ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொலைவு கூடக்கூட மரபணுப் பன்மை குறைவதைக் காட்டியது. மொழியோடு மக்களும் நகர்ந்தனர், சொற்கள் மட்டும் பக்கத்து ஊருக்குத் தாவிச் செல்லவில்லை என்பதற்கு இது வலுவான ஆதரவு. போகும் வழியெங்கும் அங்கிருந்தோருடன் கலந்தனர் என்பதும், இன்றைய சாம்பியாவும் காங்கோ சனநாயகக் குடியரசும் கிளைபிரியும் சந்திப்பாக இருந்திருக்கலாம் என்பதும் அதன் பிற முடிவுகள்.

ஆனால் ஷும் லாக்கா என்ற இடத்தை மறக்கலாகாது. பாண்டு மொழிகளின் தாயகம் என்று கருதப்படும் அதே கேமரூன் மேட்டுநிலத்தில் உள்ள பாறைக்குகை அது. அங்கே ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கும் 3,000 ஆண்டுகளுக்கும் முன் புதைக்கப்பட்ட நான்கு குழந்தைகளின் மரபணு 2020-இல் வெளியிடப்பட்டது. அவர்கள் இன்றைய பாண்டு மொழியினரைவிட, மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் வேட்டையாடி உணவு சேகரிக்கும் மக்களையே மிகுதியும் ஒத்திருந்தனர். தாயகம் என்று நாம் வட்டமிட்ட இடத்திலேயே, பரவல் தொடங்கிவிட்டதாகக் கருதப்படும் காலத்தில், வேறு மரபினர் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே பாண்டு மொழியின் மூதாதையர் இல்லை என்று இது நிறுவிவிடாது. ஒரே நிலத்தில் பல மரபினர் அருகருகே வாழ்ந்தனர் என்பதையும், மொழியையும் குருதியையும் ஒரே கோட்டில் வரையக்கூடாது என்பதையும் இது நமக்கு உணர்த்த வேண்டும்.

தாவரச் சான்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தெற்குக் கேமரூனின் காட்டுப்பகுதியில் கி.மு. 400 முதல் 200 வரையிலான காலத்தைச் சேர்ந்த குழிகளில் கரிந்த கம்பு மணிகள் கிடைத்தன. கம்பு விளைய வறண்ட பருவம் ஒன்று வேண்டும். ஆண்டெல்லாம் மழை பெய்யும் காட்டில் அது தேறாது. எனவே அக்காலக் காடு இன்றிருப்பதைவிடத் திறந்ததாகவும் பருவமாறுதல் மிக்கதாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். கேமரூனின் ன்காங்கில் கண்டெடுத்த வாழையின் நுண்சிலிக்காத் துகள்களுக்கும் 2,500 ஆண்டு அளவிலான பழமை சொல்லப்படுகிறது. தென்கிழக்கு ஆசியப் பயிர் ஒன்று அத்தனை முன்னரே அங்கு வந்ததா என்பதில் எல்லோரும் உடன்படவில்லை. உள்படுகையைப் பொறுத்தவரை, 1970-களின் இறுதியிலிருந்து மான்ஃபிரட் எக்கர்ட் குழுவினர் ஆறுகளின் வழியே படகில் சென்று தேடியதால்தான் அங்கு அறியப்பட்ட மிகப் பழைய பானைகளான இம்போங்கா வகையை நாம் அறிவோம். சாலையே இல்லாத நிலத்தில் ஆற்றங்கரை ஊர்கள்தோறும் இறங்கி ஓடு தேடிய அந்த உழைப்பின் மீதே பிற்காலக் கணிப்புகள் பலவும் நிற்கின்றன.

ஏட்டுச்சுவடி:

கேள்வியை 17-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தால் நம்மிடம் எழுத்துச் சான்றே இருக்கிறது. மொழிமரம் எதை மறைக்கும் என்பதை அங்கே நேரடியாகச் சோதிக்கலாம்.

காங்கோ ஆற்று முகத்துவாரத்தின் தெற்கே இருந்த கோங்கோ அரசின் மன்னர் ன்சிங்கா அ ன்குவு 1491-இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் மகன் முதலாம் அஃபோன்சோ, தம் மக்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்படுவதைக் கண்டித்து 1526-இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதம் பலரும் அறிந்தது. அரசவையினர் போர்ச்சுகீசியத்தில் எழுதினர். அம்மக்களின் மொழியான கிகோங்கோவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல், மத்தேயுஸ் கார்தோசோ 1624-இல் லிஸ்பனில் அச்சிட்ட இருமொழி மறைக்கல்வி நூல். பாண்டு மொழி எதிலும் இதைவிடப் பழைய நூல் இன்று கைவசம் இல்லை. மார்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்ச்சுகீசிய மூலத்திலிருந்து அது பெயர்க்கப்பட்டது. அண்டிரிக் அடிகளார் 1579-இல் கொச்சியில் அச்சிட்ட 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூலுக்கும் அதுவே மூலம் என்பதால், இரு மொழிபெயர்ப்புகளையும் அருகில் வைத்துப் படிக்கத் தமிழறிந்தோருக்குத் தனி வாய்ப்பு இருக்கிறது. யாரேனும் செய்தால் மகிழ்வேன்.

அடுத்தது, உரோமையில் பாதுகாக்கப்படும் இலத்தீன்-இசுப்பானியம்-கிகோங்கோ அகராதிக் கையெழுத்துப்படி. இது நெடுங்காலம் ஜோரிஸ் வான் கேல் என்ற ஃபிளமியக் கப்புச்சின் துறவியின் பெயரிலேயே வழங்கியது. அவர் அதைப் படியெடுத்தவர். அகராதியை உருவாக்கியவர் பெரும்பாலும் மனுவேல் ரொபொரேடோவாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து. அவர் கோங்கோவிலேயே பிறந்து, தாய்வழியில் அரச குடும்பத்தோடு உறவுடைய குருவானவர். 1665-இல் ம்புவிலாப் போரில் மன்னர் முதலாம் அந்தோனியோ வீழ்ந்தபோது அவரும் கொல்லப்பட்டார். மூன்றாவதாக, 1659-இல் புருசியோட்டோ இலத்தீனில் எழுதி உரோமையில் அச்சிட்ட கிகோங்கோ இலக்கணம், பெயர்ச்சொற்கள் முன்னொட்டால் வகுப்புகளாகப் பிரிவதையும், அந்த முன்னொட்டு வாக்கியம் முழுதும் இயைந்து வருவதையும் முதன்முதலாக விளக்கியது. பிளீக்குக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் இது எழுதப்பட்டது.

கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் நடந்த கோங்கோகிங் திட்டம் இந்நூல்களையும் இன்றைய வட்டார வழக்குகளையும் ஒருங்கே ஆய்ந்தது. 17-ஆம் நூற்றாண்டு நூல்களின் மொழி இன்றைய எல்லாக் கிகோங்கோ வகைகளுக்கும் தாயன்று. அக்காலத்திலேயே பிரிந்துவிட்டிருந்த கிளைகளில் தெற்குக் கிளையைச் சேர்ந்தது என்று அவர்கள் கண்டனர். முன்னொட்டுகள் தேய்ந்து குறுகும் மாற்றமோ தலைநகரான ம்பன்சா கோங்கோவின் பக்கத்திலிருந்து கிளை எல்லைகளைக் கடந்து, அரசின் ஆதிக்கமும் வணிகமும் சென்ற திசைகளில் பரவியிருக்கிறது. அடிப்படைச் சொற்களை மட்டும் எண்ணினால் கிளைகள் தெரியும், அரசு தெரியாது. இலக்கண மாற்றத்தைப் பின்தொடர்ந்தால்தான் அரசு தெரிகிறது. ஆகவே, மொழிச்சான்று வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, மொழியின் எந்தப் பகுதியை எந்தக் கேள்விக்குச் சான்றாக்குகிறோம் என்பதே முதன்மையானது என்று கருதுகிறேன்.

கதைவழி:

வாய்மொழி மரபை இதுவரை யாரும் தொடவில்லை. மத்திய ஆப்பிரிக்க வரலாற்றை எழுதிய யான் வன்சினா (1929–2017) மொழியையும் வாய்மொழியையும் ஒருசேரக் கையாண்டவர். 1953-இல் கசாய் ஆற்றுப் பகுதியில் கூபா மக்களிடையே களப்பணி தொடங்கியபோது, ஊர்களிலும் அரசவையிலும் வழங்கிய மரபுரைகளைப் பதிவுசெய்து, ஒன்றையொன்று ஒப்பிட்டு, ஆவணத்திற்குரிய ஐயத்தோடு அவற்றைச் சோதித்தார். ஒரு மன்னர் காலத்தில் நிகழ்ந்ததாக நினைவில் நின்ற சூரிய கிரகணத்தை 1680-ஆம் ஆண்டுக் கிரகணத்தோடு பொருத்தி, அரசர் வரிசைக்கு ஒரு காலப்புள்ளி தேடினார். பின்னர் ருவாண்டாவில் திரட்டிய மரபுரைகளைக் கொண்டு, அந்நாட்டு வரலாற்றாசிரியர் அலெக்சிஸ் ககாமே மிகப் பழங்காலத்திற்குக் கொண்டுசென்ற அரசமரபின் தொடக்கத்தை 17-ஆம் நூற்றாண்டுக்குக் கொணர்ந்தார். அரசவையின் நீண்ட பட்டியல் அரசவையின் தேவைக்காக நீண்டது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் வாய்மொழியை வெறும் புராணமாகத் தள்ளுவதும் தவறு. லூபா மக்களின் மரபுரை, கொடிய அரசன் ன்கொங்கோலோ, வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரன் ம்பிடி கிலுவே, அவன் மகன் கலாலா இலுங்கா ஆகியோரை வைத்து அரசின் தோற்றத்தைச் சொல்கிறது. மானிடவியலாளர் லுக் த ஹூஷ் இதை முழுவதும் தொன்மமாகவே படித்தார். அப்படிப் படித்தாலும், உபெம்பாத் தாழ்நிலத்தில் கிசாலே ஏரிக்கரைச் சங்காவில் 1957, 1958-இல் நடந்த அகழாய்வும், பின்னர் பியர் த மாரே தொடர்ந்த பணியும் காட்டிய உண்மை ஒன்றுண்டு. 8 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான கிசாலியக் கல்லறைகளில் செம்பும் நுண்ணிய பானைகளும் இருந்தன. சிலவற்றில் சடங்குக் கோடரியும் இரும்புப் பட்டடையும் வைக்கப்பட்டிருந்தன. இவை இரண்டும் பிற்கால லூபா அரசின் அதிகாரச் சின்னங்கள். மன்னர் பெயர்கள் வரலாறாக இல்லாமல் போகலாம்; அதிகாரத்தின் சின்னங்கள் ஆயிரமாண்டு தொடர்ந்திருக்கின்றன.

சொல்வேர்:

கதைவழி அவர்கள் சொன்ன அதிகாரச் சின்னங்கள், சொல்லாய்வில் எனக்கு மிகவும் உறுத்தும் ஓர் இடத்தை நினைவூட்டின. கிகோங்கோவில் ம்ஃபுமு என்பவர் தலைவர். அதே வேரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் உமுப்ஃபுமு கின்யர்வாண்டாவில் குறிசொல்பவரைக் குறிக்கும். சொல்லின் வடிவத்தை ஒலிவிதிகளால் மூலமொழிக்குக் கொண்டுசெல்லலாம். பொருளை அவ்வாறு கொண்டுசெல்ல விதி கிடையாது. ஆதியில் அச்சொல் ஆள்பவரைக் குறித்ததா, நோய் தீர்ப்பவரைக் குறித்ததா, இரண்டும் ஒருவரே என்ற சமூகத்தைக் குறித்ததா? வன்சினா மழைக்காட்டின் அரசியல் மரபை எழுதியபோது இத்தகைய சொற்களின் மீது பெரும் கட்டுமானம் எழுப்பினார். அந்நூலை மிகுந்த மதிப்போடு படிக்கிறேன். ஆயினும் வடிவத்தின் பழமை பொருளின் பழமைக்கு உறுதி என்று எங்கெல்லாம் எடுத்துக்கொள்ளப்படுகிறதோ அங்கெல்லாம் நின்று நிதானிக்க வேண்டும். பானை வனைதல் போன்ற சொல்லில் இந்த இடர் குறைவு, ஏனெனில் மண்ணில் பானையும் கிடைக்கிறது. அதிகாரம், உறவுமுறை, நம்பிக்கை ஆகியவற்றுக்கான சொற்களில் அத்தகைய துணை அரிது. சங்காக் கல்லறைகள் போன்றவை கிடைத்தால் அது பெரும் பேறு.

அகழ்மண்:

இதுவரை பேசியதில் என் ஐயம் கூர்மையாகியிருக்கிறது. கோங்கோவின் எடுத்துக்காட்டில், கிளைமரம் ஓர் அரசு விரிந்த வரலாற்றையே தவறவிட்டது. அங்கே 17-ஆம் நூற்றாண்டின் நூல்கள் இருந்ததால் நாம் அதைக் கண்டுபிடித்தோம். நூல்கள் இல்லாத உள்படுகையில், 3,000 ஆண்டுகளுக்குள் இத்தகைய எத்தனை விரிவுகளும் மொழி மாற்றங்களும் நிகழ்ந்திருக்கும்? அண்மைக் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. காங்கோ ஆற்று வணிகர்களின் போபாங்கி மொழி 1880-களில் படைவீரர்களும் அலுவலர்களும் கையாண்ட பொதுமொழியாக உருமாறி, பாதிரிமாரின் கையால் ஒழுங்குபடுத்தப்பட்டு, இன்று பல மில்லியன் பேரின் லிங்காலாவாக நிற்கிறது. இதற்காகப் பெருங்கூட்டம் எதுவும் இடம்பெயர வேண்டியிருக்கவில்லை. ஆறும், படகும், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொடிய ஆட்சியும் போதுமாயின.

சொல்வேர் அவர்கள் குறிப்பிட்ட ஒழுங்கு மீறிய சொல்லடுக்கைத் தேடும் பணியே அடுத்து நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உள்படுகை மொழிகளின் மீன்பிடி, வேட்டை, மரப்பெயர்ச் சொற்களைத் திரட்டி, கி.பி. 1000-க்குப் பின் அங்கே தோன்றும் பானை வகைகளின் பரப்போடு ஒப்பிட்டால், இரண்டாம் குடியேற்றம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையேனும் சோதிக்கலாம். அதைச் செய்யும் இடம் கிசங்கானியிலும் கின்சாசாவிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லோவானியம் பல்கலைக்கழகம் 1954-இலேயே தொடங்கப்பட்டது. 1971-இல் அது தேசியப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, மொழி, வரலாற்றுத் துறைகள் லுபும்பாசிக்கு மாற்றப்பட்டன. இசிதோர் ந்தைவெல் எ ன்சியெம் போன்ற காங்கோ வரலாற்றாசிரியர்கள் தம் நாட்டின் முழு வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். இருந்தும் களப்பதிவுகளிலும் சொற்றொகுப்புகளிலும் பெரும்பகுதி டெர்வூரனில் இருக்கிறது. கதிர்க்கரிமக் கணிப்புகள் ஐரோப்பிய ஆய்வகங்களில் நடக்கின்றன. காட்டு மரத்தின் பெயரைக் கேட்டவுடன் அது எந்த மரம், அதன் பட்டை எதற்குப் பயன்படும், பக்கத்து ஊரார் அதை எப்படி அழைப்பர் என்று அறிந்த ஆய்வாளர் ஒருவர், வெளியிலிருந்து ஒரு பருவத்திற்கு வந்து போகிறவரைவிட அந்தச் சொல்லடுக்கை விரைவாகப் பிரித்தெடுப்பார்.

சொல்வேர்:

உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்தத் தொகுப்பில் வேட்டையாடி வாழும் மக்களின் வழக்குகளுக்கு முதலிடம் தர வேண்டும். அவர்களில் பலர் இன்று அண்டை உழவரின் பாண்டு மொழியைப் பேசுகிறார்கள். ஆனால் கேமரூன் பகுதியின் பாக்கா மக்கள் பேசுவது பாண்டு அல்லாத உபாங்கி மொழி. அவர்களிடமிருந்து பிரிந்து வாழும் அக்கா மக்கள் பேசுவது பாண்டு மொழி. இவ்விரு மொழிகளிலும் காடு சார்ந்த சொற்கள் பல பொதுவாக இருப்பதை செர்ஜ் பாயூஷே ஏற்கெனவே எடுத்துக்காட்டியிருக்கிறார். தேன், கொடி, யானை வேட்டை தொடர்பான அச்சொற்களில் எவை படுகையின் உட்பகுதி உழவர் மொழிகளிலும் ஒலிவிதிக்கு மாறாக நிற்கின்றன என்று பார்ப்பதிலிருந்தே நாம் தொடங்கலாம்.